ஆண் கினிப் பன்றிகள் ஒரே கூட்டில் ஒற்றுமையாக வாழுமா?

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டவுடன் நம் வகுப்பு நண்பர்கள் ரோபோ, மின்சாரக் கார், சூரிய சக்தி என்று நல்ல நல்ல தலைப்புகளை எல்லாம் எடுத்துக்கொண்டு விட்டார்கள். அந்தத் தலைப்புகளில் அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனால் நம் கல்லூரியில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும். அது கினிப் பன்றி வளர்ப்பு. அதிலும் குறிப்பாக, ஆண் கினிப் பன்றிகளைச் சண்டையில்லாமல் சேர்த்து வைப்பது எப்படி என்பது. சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

என் அப்பா ஒரு மருந்தியல் கல்லூரியின் விலங்குக் கூடத்தில் உதவியாளராக 22 வருஷமாக வேலை பார்க்கிறார். 'அனிமல் ஹவுஸ் அட்டெண்டர்' என்று சொல்வார்கள். எலி, முயல், கினிப் பன்றி எல்லாவற்றுக்கும் தீனி வைப்பது, கூடு கழுவுவது, குட்டி பிரிப்பது அவர் வேலை. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. அப்பா வாயால் சொல்லிக் கேட்டதையும், நூலகத்திலும் கணினியிலும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பெயரும் பிறப்பும்

கினிப் பன்றி பன்றியும் இல்லை, ஆப்பிரிக்காவின் கினி நாட்டைச் சேர்ந்ததும் இல்லை. எலி, அணில் வரிசையில் வரும் கொறிக்கும் பிராணி. சீமைப் பெருச்சாளி என்றும் தமிழில் இதற்கு ஒரு பெயர் உண்டு. இதன் அறிவியல் பெயர் கேவியா போர்செல்லஸ். சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதி. இன்றைய பெரு, பொலிவியா, ஈக்வடார் நாடுகள் உள்ள இடம். அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள். நாம் கோழி வளர்ப்பது போல அவர்கள் சமையலறைத் தரையிலேயே விட்டு வளர்ப்பார்கள். அங்கே இதன் பெயர் 'குய்'. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மூலம் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே செல்லப் பிராணியாகவும், பின்னர் ஆய்வுக்கூடப் பிராணியாகவும் ஆனது.

காட்டில் வாழும் இதன் உறவினமான கேவியாவில் ஓர் ஆண், ஒன்றிரண்டு பெண் என்று சிறு குடும்பமாகவே இருக்கும். இன்னொரு வளர்ந்த ஆணை அது பக்கத்தில் அண்ட விடாது. மனிதனிடம் பல தலைமுறை வளர்ந்ததால்தான் வீட்டுக் கினிப் பன்றிக்குப் பொறுமை வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் பொறுமைக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதுதான் இந்தப் பாடம்.

மனிதனுக்கு இது செய்த உதவி

1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தார். அந்தக் கிருமியால்தான் நோய் வருகிறது என்று அவர் நிரூபித்தது கினிப் பன்றிகளில். 1907இல் நார்வே நாட்டின் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் ஸ்கர்வி நோயைக் கினிப் பன்றிகளில் உண்டாக்கிக் காட்டினார்கள். நம்மைப் போலவே இதற்கும் உடம்பில் வைட்டமின் சி தானாகச் சுரக்காது. பின்னாளில் வைட்டமின் சி கண்டறியப்பட அது பெரிய படிக்கல்லாக இருந்தது.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் உலகப் புகழ் பெற்றது. தென்னிந்திய நோயாளிகளிடம் எடுத்த காசநோய்க் கிருமிகளில் பல, பிரிட்டனில் எடுத்த கிருமிகளை விடக் கினிப் பன்றியில் வீரியம் குறைந்தவை என்று 1960இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதாவது நம் ஊர் ஏழை நோயாளிகளுக்காக உயிரைக் கொடுத்த பிராணி இது. இப்போது பல கல்லூரிகளில் கணினி மென்பொருள் மூலமே அந்தச் சோதனைகளைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அப்பாவின் கூடத்திலும் கூண்டுகள் பாதிக்கு மேல் காலி. "வேலை கொறஞ்சுடுச்சுன்னு கவலதான். ஆனா மனசுக்கு நிம்மதி" என்பார் அப்பா.

ஆண்களுக்கு ஏன் இந்தக் கதி?

இப்போது ஊர் ஊருக்கு மீன் தொட்டிக் கடைகளிலும் வாரச் சந்தைகளிலும் கினிப் பன்றி விற்கிறார்கள். 'ஜோடி' என்று சொல்லித்தான் விற்பார்கள். ஆனால் சின்னக் குட்டியில் ஆண், பெண் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆணும் பெண்ணும் என்று வாங்கி வந்தால் சில மாதத்தில் வீடு முழுக்கக் குட்டி. கர்ப்ப காலம் 59 முதல் 72 நாள்தான். ஓர் ஈற்றில் பெரும்பாலும் 2 முதல் 4 குட்டிகள். ஈன்ற அன்றே தாய் மறுபடி சினையாகலாம். குட்டிகளில் ஏறக்குறைய பாதி ஆண்.

பெண் குட்டியைக் கேட்டு வாங்க ஆள் உண்டு. ஆண் குட்டியை யாரும் சீந்துவதில்லை. இரண்டு ஆணைச் சேர்த்து வைத்தால் கடித்துக்கொள்ளும் என்ற பயம். அதனால் ஒன்று, தனித்தனிச் சிறு கூட்டில் வருஷக்கணக்கில் அடைத்துவிடுகிறார்கள். இல்லையென்றால் குளத்தங்கரையில் விட்டுவிடுகிறார்கள். விட்டால் ஒரு ராத்திரி தாங்காது. பூனை, நாய், காக்கை எல்லாவற்றுக்கும் அது இரை. இதற்கு ஓடத்தான் தெரியும், மரம் ஏறவோ எதிர்த்து நிற்கவோ தெரியாது. வளர்த்த பிராணியைத் துன்பப்படும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தனியாக அடைப்பதும் நல்லதல்ல. கூட்டமாக வாழப் பிறந்த பிராணி இது. சுவிட்சர்லாந்து நாட்டில் 2008இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கினிப் பன்றியைத் துணையில்லாமல் தனியாக வளர்க்கவே கூடாது. ஆகவே ஆண்களைச் சேர்த்து வைக்கும் முறை தெரிந்தால்தான் அவை பிழைக்கும்.

ஜெர்மனி சொன்னதும் அப்பா சொன்னதும்

ஜெர்மனியில் நோர்பர்ட் ஸாக்ஸர் என்ற விலங்கு நடத்தை அறிஞரும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் கினிப் பன்றிகளின் சமூக வாழ்க்கையை ஆராய்ந்தார்கள். 1991இல் வெளியான ஆய்வில் ஆண் குட்டிகளை மூன்று விதமாக வளர்த்துப் பார்த்தார்கள்.

1. தன்னந்தனியாக வளர்ந்தவை.
2. ஒரே ஒரு பெண்ணுடன் மட்டும் வளர்ந்தவை.
3. ஆணும் பெண்ணும் கலந்த பெரிய கூட்டத்தில் வளர்ந்தவை.

பெரிதான பிறகு முன்பின் தெரியாத இன்னொரு ஆணுடன் விட்டார்கள். முதல் இரண்டு வகையும் கடுமையாகச் சண்டையிட்டன. தோற்றவற்றின் உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் என்ற சுரப்பு மிகவும் ஏறியது. மூன்றாவது வகையோ கடிக்காமலே 'நீ பெரியவன், நான் சின்னவன்' என்று தீர்த்துக்கொண்டு அமைதியாக இருந்தன. காரணம் என்ன? விடலைப் பருவத்தில் மூத்த ஆண்களிடம் பணிந்து போய்ப் பழகியவை அவை. எப்போது விலக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற பாடத்தைச் சின்ன வயதிலேயே படித்துவிட்டன.

இதை நான் தமிழில் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு, "இதுக்கு எதுக்குடா ஜெர்மனி வரைக்கும் போவணும்? பால் மறந்த கெடாக் குட்டிய ஒத்தையில போடாத, ஒரு கெழட்டுக் கெடாவோட போடுன்னு நான் எத்தன வருஷமா சொல்றேன்" என்றார். (எங்கள் வீட்டில் ஆணைக் கெடா, பெண்ணைப் பொட்டை என்றுதான் சொல்வோம்.)

அதோடு விடவில்லை. "அங்க பொட்டையும் சேந்து இருந்துச்சுன்னு சொல்றியே, அப்பறம் எப்படி சண்ட வரல? எடம் எவ்வளவு?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் தெரியவில்லை. திரும்பப் போய்ப் படித்தேன். அப்பா கேட்டதில்தான் விஷயம் இருந்தது. பெரிய கூட்டத்தில் அவை சிறு சிறு பிரிவாகப் பிரிந்துகொள்கின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மூலை. ஓர் ஆண் அடுத்த ஆணின் பெண்களை நெருங்குவதில்லை. அவ்வளவு இடமும், பிறந்ததிலிருந்து பழகிய சூழலும் இருந்தால்தான் அது நடக்கும். நம் வீட்டுச் சிறு கூட்டில் இரண்டு ஆணுக்கு நடுவே ஒரு பெண்ணை விட்டால் ரத்தம்தான். ஆகவே வீட்டு வளர்ப்பில் அப்பாவின் விதியே சரி: "கெடாக்கள சேத்து வைக்கணும்னா பொட்ட வாசன காத்துலகூட வரப்படாது."

பிஎச்.டி. படித்தவர்கள் கேட்கும் கேள்வியைக் கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த ஒருவர் கேட்டார் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

யாரோடு யாரைச் சேர்க்கலாம்?

முதலில் ஆண்தானா என்று உறுதி செய்ய வேண்டும். வயிற்றுக்குக் கீழே குறியின் மேற்புறம் விரலால் மெதுவாக அழுத்தினால் ஆணுக்குச் சிறு தண்டு போல வெளியே தெரியும். பெண்ணுக்கு ஆங்கில எழுத்து ஒய் போன்ற பிளவு இருக்கும். சந்தேகம் என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் குட்டி மூன்று வாரத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். ஆகவே 21 நாளில் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும்.

நன்றாகச் சேரக்கூடிய ஜோடிகளை வரிசைப்படி தருகிறேன்.

1. வளர்ந்த ஆண் ஒன்றும், பால் மறந்த ஆண் குட்டி ஒன்றும். குட்டி எதிர்த்து நிற்காது. பெரியது அதை எதிரியாக நினைக்காது. இதுவே முதல் தரம்.
2. அப்பனும் மகனும். மேலே சொன்னதேதான், வாசனையும் பழக்கம்.
3. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு சகோதரர்கள். குட்டியில் நன்றாக இருக்கும். விடலைப் பருவத்தில் கவனம் தேவை.
4. வளர்ந்த இரண்டு ஆண்கள். குணம் ஒத்துப்போனால் முடியும். ஒன்று அதட்டும் குணம், மற்றொன்று விட்டுக்கொடுக்கும் குணம் என்றால் நல்லது. இரண்டும் அதட்டினால் கைவிட்டுவிடுங்கள்.

மூன்று ஆண்கள் வேண்டாம். இரண்டு சேர்ந்து ஒன்றை ஒதுக்கிவிடும். நான்கு ஐந்து ஆண்கள் என்றால் மிகப் பெரிய இடமும் தினமும் கவனிக்க ஆளும் வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு இரண்டாகப் பிரித்து வைப்பதே எளிது. சிலர் 'விதை நீக்கிவிட்டால் சாதுவாகிவிடும்' என்பார்கள். பெண்ணுடன் வைக்கும்போது குட்டி போடாமல் தடுக்க அது உதவும். ஆண்களுக்குள் சண்டையை அது நிச்சயமாக நிறுத்தும் என்று நம்பக்கூடாது.

கூடு: நம் துறை சம்பந்தப்பட்ட பகுதி

சண்டைக்குப் பெரும்பாலும் குணம் காரணமல்ல, இடம்தான் காரணம். கடையில் விற்கும் இரண்டடிக் கூடு ஓர் ஆணுக்கே போதாது. இரண்டு ஆணுக்குக் குறைந்தது 10 சதுர அடி தரைப் பரப்பு வேண்டும். அதாவது 5 அடி நீளம், 2 அடி அகலம். மாடி வைத்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓடுவதற்குத் தரைதான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கூடுகள் ஒவ்வொன்றும் 6 அடிக்கு இரண்டரை அடி. அதாவது 15 சதுர அடி. பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்கிய முக்கால் அங்குல ஆங்கிளில் நானே வெல்டிங் செய்தேன். பக்கச் சுவர் ஒன்றரை அடி உயரம். சுற்றிலும் அரை அங்குல வெல்ட் மெஷ். மேலேயும் மெஷ் மூடி கட்டாயம். அது இல்லாவிட்டால் பூனையும் பாம்பும் வரும். தரையில் மட்டும் மெஷ் போடவே கூடாது. பாதம் புண்ணாகும். கீழே கெட்டி பிளாஸ்டிக் ஷீட் போட்டு அதன் மேல் காய்ந்த புல் பரப்பியிருக்கிறோம். வெல்டிங் பொட்டுகளை அரத்தால் ராவி மழுங்கச் செய்ய மறக்காதீர்கள்.

உள்ளே வைக்கும் பொருளுக்கு ஒரே சூத்திரம்: பிராணிகளின் எண்ணிக்கை கூட்டல் ஒன்று. இரண்டு ஆண் என்றால் மூன்று தீனித் தட்டு, மூன்று ஒளிவிடம், தண்ணீர் குறைந்தது இரண்டு இடத்தில். ஒளிவிடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் இருக்க வேண்டும். ஒரே வாசல் என்றால் உள்ளே மாட்டிக்கொண்டது தப்ப முடியாமல் கடிக்கத் தொடங்கும். அட்டைப் பெட்டியில் இரண்டு பக்கமும் வெட்டினால் போதும், செலவே இல்லை. புல்லை ஒரே குவியலாக வைக்காமல் இரு கோடியிலும் வையுங்கள்.

அறிமுகம் செய்யும் முறை

புதிதாக வந்ததை முதலில் இரண்டு மூன்று வாரம் தனி இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சொறி, பேன், சளி இருந்தால் தெரிந்துவிடும். பிறகு இப்படிச் செய்யுங்கள்.

1. இரண்டுக்குமே சொந்தமில்லாத பொது இடம் தேர்ந்தெடுங்கள். கூட்டை விடப் பெரிதாக இருக்கட்டும். நாங்கள் மொட்டை மாடி அறையைப் பயன்படுத்தினோம்.
2. நடுவில் பச்சைப் புல் நிறையப் போடுங்கள். வாய் தின்றுகொண்டிருந்தால் சண்டை குறையும்.
3. இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். கையில் கனத்த துண்டும் ஒரு குப்பை முறமும் வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு நடுவே வெறும் கையை விட்டால் எலும்பு வரை கடிபடும்.
4. கொஞ்சம் துரத்தினாலே பயந்து பிரிக்காதீர்கள். பிரித்துப் பிரித்துச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் 'யார் பெரியவன்' என்ற கணக்கை முதலிலிருந்து தொடங்கும். இரண்டு மூன்று மணி நேரமாவது விட்டுப் பாருங்கள்.
5. பக்கத்தில் பக்கத்தில் படுத்து ஓய்வெடுத்தால் நல்ல அறிகுறி. அதற்குள் கூட்டை நன்றாகக் கழுவி, பழைய வாசனை இல்லாமல் செய்து, இரண்டையும் ஒன்றாக உள்ளே விடுங்கள்.

விடுமுறை நாளில் காலையில் தொடங்குவது நல்லது. ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் தொடங்கக்கூடாது.

சண்டையா, சம்பிரதாயமா?

வளர்ப்பவர்கள் பலரும் தடுமாறுவது இங்கேதான். அப்பா இதை மூன்றாகப் பிரிப்பார்.

கவலை வேண்டாதவை: இடுப்பை ஆட்டி ஆட்டி 'குர்ர்' என்று உறுமியபடி சுற்றி நடப்பது, பின்பக்கம் மோந்து பார்ப்பது, மேலே ஏறுவது, துரத்துவது, மூக்கை உயரத் தூக்கிக் காட்டுவது. இதெல்லாம் யார் பெரியவன் என்று பேசிக்கொள்ளும் பேச்சு.

கவனிக்க வேண்டியவை: பல்லை 'டகடக' என்று நறநறப்பது, கழுத்து முடி சிலிர்ப்பது, வாயை அகலத் திறந்து கொட்டாவி போலப் பல்லைக் காட்டுவது. இது மிரட்டல். ஒன்று விலகிப் போனால் முடிந்தது. இரண்டும் நின்றால் நடுவில் ஓர் அட்டையை வைத்துக் கவனத்தைத் திருப்புங்கள்.

உடனே பிரிக்க வேண்டியவை: முகத்துக்கு நேரே பாய்வது, ரத்தம் வருமளவு கடிப்பது, இரண்டும் பந்து போலக் கட்டிப் புரள்வது. இது வந்தால் அந்த இரண்டையும் திரும்பச் சேர்க்க முயலாதீர்கள்.

சத்தமில்லாத ஓர் ஆபத்தும் உண்டு. ரத்தமே வராமல் ஒன்று மற்றதைத் தின்னவிடாமல் விரட்டும். அதைக் கண்டுபிடிக்க வழி எடை. வாரம் ஒரு நாள் சமையல் தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். வளர்ந்த ஆண் ஏறக்குறைய 900 முதல் 1200 கிராம் இருக்கும். ஒன்று ஏறிக்கொண்டே போக மற்றது வாராவாரம் இறங்கினால் காரணம் தேடுங்கள்.

நான்காவது மாதத்திலிருந்து பதினான்கு மாதம் வரை விடலைப் பருவம். சண்டை வந்தால் பெரும்பாலும் அப்போதுதான். அந்தக் கண்டத்தைத் தாண்டிய ஜோடி பெரும்பாலும் கடைசி வரை சேர்ந்திருக்கும். ஆயுள் 5 முதல் 8 வருஷம்.

எங்கள் வீட்டு நால்வர்

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் குழந்தைக்காக 'ஜோடி' வாங்கினார்கள். இரண்டும் ஆண். இரண்டடிக் கூடு, ஒரே தட்டு. ஏழாம் மாதத்தில் ஒன்றின் காது கிழிந்தது, மற்றதன் உதடு பிளந்தது. கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அப்பா போய்க் கேட்டு வாங்கி வந்தார். என் தங்கை பழுப்புக்கு வெல்லம் என்றும் வெள்ளைக்குச் சுண்ணாம்பு என்றும் பெயர் வைத்தாள்.

புண் ஆறியதும் நடுவில் மெஷ் வைத்துப் பக்கம் பக்கமாக விட்டுப் பார்த்தோம். ஒன்றை ஒன்று பார்த்தாலே பல் நறநறப்பு. மூன்று வாரமாகியும் குறையவில்லை. "இதுங்க ரெண்டும் ஒட்டாது. பாத்தது போதும்" என்று அப்பா முடிவு சொன்னார். அதற்காக இரண்டையும் தனிமைச் சிறையில் போடவில்லை. தெரிந்த வளர்ப்பாளரிடம் யாரும் வாங்காமல் கிடந்த நான்கு வாரக் கெடாக் குட்டிகள் இரண்டைக் கொண்டு வந்தார். வெல்லத்துக்கு மிளகு, சுண்ணாம்புக்குச் சீரகம் துணை.

சுண்ணாம்பும் சீரகமும் முதல் நாளே ஒட்டிக்கொண்டன. வெல்லம் ஒரு மணி நேரம் உறுமிச் சுற்றியது. மிளகு 'வீக் வீக்' என்று கத்திக்கொண்டே அதன் வயிற்றுக்கடியில் போய்ப் படுத்தது. அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது.

ஆறாவது மாதத்தில் மிளகு தலை தூக்கினான். ஒரு வாரம் தினமும் பல் சத்தம். எடை நோட்டில் வெல்லம் 40 கிராம் இறங்கியிருந்தது. அப்பா இரண்டையும் பிரிக்கவில்லை. புல்லை மூன்று இடத்தில் பிரித்து வைத்தார். இன்னொரு ஒளிவிடம் சேர்த்தார். கூட்டை மொத்தமாகக் கழுவாமல் பாதி பாதியாகக் கழுவச் சொன்னார். மொத்தமாகக் கழுவினால் வாசனை போய், எல்லைத் தகராறு மறுபடி தொடங்குமாம். ஐந்து வாரத்தில் அடங்கியது. இப்போது மிளகுதான் மூத்தவன். வெல்லம் விட்டுக்கொடுத்து நிம்மதியாகத் தின்கிறது, எடையும் பழையபடி ஏறிவிட்டது. இரண்டுக்கும் இப்போது ஒன்றரை வயதுக்கு மேல்.

வெயில், உணவு, மருந்து

மலை நாட்டுப் பிராணி என்பதால் குளிரை விட வெயிலுக்குப் பயப்பட வேண்டும். 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 30ஐத் தாண்டினால் ஆபத்து. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழ் வைக்கவே கூடாது. நிழல், காற்றோட்டம், கூட்டின் மேல் ஈரச் சாக்கு, உள்ளே படுக்க ஒரு குளிர்ந்த ஓடு. வெயில் எரிச்சலும் சண்டையைக் கூட்டும்.

முக்கிய உணவு புல். அருகம்புல்லும் காய்ந்த புல்லும் எப்போதும் இருக்க வேண்டும். பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் மெல்ல வேண்டியது அவசியம். வைட்டமின் சி-க்குக் கொத்தமல்லித் தழை, குடைமிளகாய், கொஞ்சம் கொய்யா. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது.

கடிபட்டால் காய்ச்சி ஆறிய உப்பு நீரில் கழுவிக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாமாக மாத்திரை கொடுக்கக் கூடாது. பெனிசிலின், அமாக்ஸிசிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிரே போய்விடும். மருத்துவரிடம் ஒன்றைக் கொண்டுபோகும்போது துணையையும் சேர்த்துக் கொண்டு போங்கள். ஒரு ராத்திரி பிரிந்தாலும் வாசனை மாறி உறவு கெடலாம்.

முடிவாக

சுருக்கமாகச் சொன்னால் ஐந்தே விதி. இரண்டு இரண்டாக வையுங்கள். பெரியதோடு சின்னதைச் சேருங்கள். இடம் தாராளமாகக் கொடுங்கள். எல்லாப் பொருளும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். பெண்ணின் வாசனை அண்டாமல் பாருங்கள்.

வாங்கத் திட்டமிடும் நண்பர்கள், எட்டு வருஷம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று முதலில் யோசியுங்கள். முடியும் என்றால் கடையில் ஒதுக்கி வைத்த ஆண் குட்டியைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே சண்டை போடும் ஜோடி உங்கள் வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ இருந்தால், எங்கும் கொண்டுபோய் விடுவதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள். கூடு செய்ய வெல்டிங் நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த ஜோடி ஒட்டும், எது ஒட்டாது என்று அப்பா வந்து பார்த்துச் சொல்வார். அவர் சொல்லி இதுவரை தப்பி நான் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார், திருத்திவிட்டேன்.